லைட் பாக்ஸ் ஊரில் ஸ்பீக்கர் வாங்குதல்

சாயமேறி வந்த துணியை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து ஓ.கே. சொல்லும் மெர்ச்சண்டைசரைத் திருப்பூர் வட்டாரத்தில் தேடினாலும் கிடைக்கமாட்டார். துணித்துண்டு லைட் பாக்ஸுக்குள் போகும். முதலில் டி65, பகல் வெளிச்சத்துக்கென்று உலகம் ஒப்புக்கொண்ட 6,500 கெல்வின் அளவுகோல். அடுத்து டி.எல்.84, ஐரோப்பியக் கடைகளில் எரியும் விளக்கின் வெளிச்சம். பையர் ஒப்புதல் தந்த லேப் டிப்பும் புது லாட்டும் ஒரே விளக்கின்கீழ், ஒன்றையொன்று தொட்டபடி கிடக்கும். ஒரு விளக்கில் ஒத்துப்போன ஷேடு இன்னொன்றில் விலகினால் லாட் நிற்கும். துணியின் கனத்தைக் கையில் தடவிச் சொல்வதும் கிடையாது. 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, தராசில் வைத்து, வந்த கிராமை 100 ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம்.

பெருமாநல்லூரில் நிட்டிங் யூனிட் நடத்துபவரோ செக்கிங் சூப்பர்வைசரோ புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கக் கிளம்பும்போது, இந்த ஒழுங்கெல்லாம் கம்பெனி கேட்டோடு நின்றுவிடுகிறது. திருப்பூருக்குப் போகிறார், இன்னும் நாலு மாடல் பார்க்கலாமே என்று தோன்றினால் கோவைக்குப் போகிறார். ஏசி போட்ட கண்ணாடி அறை. கடைப்பையன் தன் செல்போனில் தனக்குப் பிடித்த பாட்டைப் போடுகிறான். "இதக் கேளுங்ண்ணா… இப்ப இதக் கேளுங்… பேஸு எப்படி இறங்குது பாருங்." மூன்று நிமிடம் முடிவதற்குள் 30,000 ரூபாய் கைமாறுகிறது. மறுவாரம் வீட்டு ஹாலில் பாட்டைப் போட்டால், கடையில் கேட்டது இந்தப் பெட்டிதானா என்று சந்தேகம் எழுகிறது.

கடைக்குப் போய்க் கேட்டு வாங்குவதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியின் மேல் அச்சடித்த எண்களை நம்பி வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். பி.எம்.பி.ஓ. என்று நான்கு இலக்கத்தில் போடுவார்களே, அந்த வாட் கணக்குக்கு எந்தப் பொது அளவுமுறையும் கிடையாது. அமெரிக்காவின் வணிக ஆணையம் 1974 இலேயே ஆம்ப்ளிஃபயர் வாட் விளம்பரங்களுக்கு விதி கொண்டுவந்ததற்குக் காரணம் இதே கூத்துதான். ஆகவே காதுதான் கடைசி நீதிபதி. ஆனால் கடை அறையில் இன்று நடப்பது கேட்பு. சோதனை இன்னும் தொடங்கவேயில்லை.

சோதனை எங்கே கெடுகிறது என்று பார்த்தால், முதல் இடம் சத்த அளவுக்கு. இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று துளி சத்தமாக ஒலித்தால், "இது சத்தம் கூட" என்று காது சொல்லாது. "இது தெளிவாக இருக்கிறது, பேஸ் நிறைந்திருக்கிறது, பாடகர் முன்னால் வந்து நிற்கிறார்" என்றுதான் சொல்லும். பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933 இல் வெளியிட்ட வளைகோடுகள் இதற்குக் காரணம் காட்டின. சத்தம் குறையக் குறைய மனிதக் காது தாழ்ந்த ஒலிகளை மற்றவற்றைவிட விரைவாக இழக்கிறது. சத்தம் ஏறினால் அவை முந்திக்கொண்டு திரும்பி வருகின்றன. வால்யூமைத் திருகுவது பாட்டின் நிறத்தையும் சேர்த்துத் திருகுவதுதான்.

குமிழைத் தொடாமல் ஸ்விட்சை மட்டும் மாற்றினால் நியாயம் ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் உண்டு. 2.83 வோல்ட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி நின்று, எத்தனை டெசிபல் வருகிறது என்று அளப்பது. ஒன்று 86, பக்கத்தில் இருப்பது 89 என்று வையுங்கள். குமிழ் அதே இடத்தில் நிற்க, இரண்டாவது பெட்டி முதலாவதைவிட 3 டெசிபல் ஓங்கி ஒலிக்கும். முதலாவது அதை எட்டிப்பிடிக்க ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு வாட் தள்ள வேண்டும். இதில் இன்னொரு உள்குத்தும் உண்டு. அந்த 2.83 வோல்ட் 8 ஓம் ஸ்பீக்கரில் 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரில் 2 வாட். அதிகம் தின்று அதிகம் கத்துகிற பெட்டியும் கேட்டலாக்கில் நல்ல மதிப்பெண்ணோடு வந்து நிற்கும். ஸ்விட்ச் மாற்றிக் காட்டும் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவரையும் அந்த ஸ்விட்ச் ஏமாற்றுகிறது.

சரிசெய்வது கடினமில்லை. செல்போனில் சவுண்ட் மீட்டர் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டு, பிங்க் நாய்ஸ் எனப்படும் சீரான இரைச்சலை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் போனை வைத்து, இரண்டிலும் ஒரே எண் வரும்வரை வால்யூமைத் திருத்தி, அந்த வால்யூம் எண்களைக் குறித்துக்கொண்டால் போதும். போன் காட்டும் டெசிபல் உண்மையான டெசிபல் என்று நம்ப வேண்டாம். ஒரே போன், ஒரே இடம் என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அது ஓரளவு சரியாகவே சொல்லும். நமக்கு வேண்டியது அதுதான்.

அடுத்தது கண்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பல ஆண்டுகள் ஸ்பீக்கர்களை ஆராய்ந்துவிட்டு அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்துக்குப் போனவர் ஃப்ளாய்ட் டூல். அவரும் ஷான் ஆலிவும் 1994 இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். கேட்டவர்கள் 40 பேர், எல்லோரும் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள். நான்கு ஸ்பீக்கர்கள். ஒருமுறை திரைக்குப் பின்னால் வைத்தும், ஒருமுறை கண்ணெதிரே வைத்தும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். பெட்டி தெரிந்ததும் பெரிய, விலை உயர்ந்த ஸ்பீக்கர்களின் மதிப்பெண் ஏறியது. சின்ன, மலிவான பிளாஸ்டிக் பெட்டியின் மதிப்பெண் இறங்கியது. அதைவிடச் சுவையான விஷயம் ஒன்று உண்டு. திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை வேறு இடத்துக்கு நகர்த்தியபோது ஒலி மாறுவதைக் கேட்டுச் சொன்னவர்கள், பெட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது அந்த மாற்றத்தைப் பெரிதாக மதிக்கவில்லை. கண் தீர்ப்பு எழுதிவிட்டால் காது வேலை செய்வதை நிறுத்திக்கொள்கிறது. அவர்கள் ஒலித்துறையிலேயே சம்பளம் வாங்கியவர்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்னாளில் ஹார்மன் இதற்கென்றே ஓர் அறை கட்டியது. கறுப்புத் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்கள் சில நொடிகளில் நகர்ந்து, ஒவ்வொன்றும் அதே இடத்தில் வந்து நின்று பாடும். இடம் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்குப் பிறகு வருவோம். நொடிகள் ஏன் முக்கியம் என்றால், ஒலியின் நுட்பமான சாயலை மனித நினைவு வெகு நேரம் வைத்திருப்பதில்லை. காலையில் திருப்பூரில் ஒன்று கேட்டு, மாலையில் கோவையில் இன்னொன்று கேட்டு ஒப்பிட்டேன் என்பவர் ஒப்பிட்டது இரண்டு மனநிலைகளை.

விற்பனைக்காகக் காட்டும் காட்சி யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் சாயும் என்பதற்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. எடிசன் நிறுவனம் 1915 முதல் அமெரிக்க நகரங்களில் தன் டைமண்ட் டிஸ்க் போனோகிராஃபை மேடையேற்றியது. பாடகர் பாடுவார், விளக்கு அணையும், குரல் எப்போது நின்று தட்டு எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாமல் கூட்டம் அசந்துபோகும். மேடையில் தோன்றியவர்களில் ஒருவரான அன்னா கேஸ், தன் குரலைத் தட்டின் ஒலிக்கு ஏற்ப அடக்கிப் பாடியதாகப் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். இயந்திரம் மனிதக் குரலை எட்டவில்லை. மனிதக் குரல் இயந்திரத்துக்கு இறங்கிக் கொடுத்திருக்கிறது.

இதே வேலையை நேர்மையாகச் செய்ய முயன்றவர் ஒரு துணிக்காரர். கில்பர்ட் பிரிக்ஸ், இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் துணி வணிகத்தில் இருந்தவர். 1930 களின் பொருளாதார மந்தம் அந்தத் தொழிலை முடக்கியபோது, 1932 இல் வீட்டு நிலவறையில் ஸ்பீக்கர் செய்யத் தொடங்கினார். இன்றும் கோவைக் கடைகளில் கிடைக்கும் வார்ஃப்டேல் என்ற பெயர் அவர் வைத்தது. அவர் வாழ்ந்த பள்ளத்தாக்கின் பெயர். 1954 இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலிலும், அடுத்த ஆண்டு நியூயார்க் கார்னகி ஹாலிலும், கலைஞர்களை மேடையில் வாசிக்கவிட்டு, அதே இசையின் பதிவைத் தன் ஸ்பீக்கர்களில் ஒலிக்கவைத்து, இரண்டையும் சபைக்கு முன்னால் அடுத்தடுத்து வைத்தார். ஒரிஜினல் சாம்பிளைப் பக்கத்தில் வைக்காமல் ஷேடு பேச முடியாது என்பது துணித் தொழிலில் வளர்ந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ஒரிஜினல் சாம்பிள் பெருமாநல்லூர்க்காரர் காதில் ஏற்கெனவே இருக்கிறது. பங்குனியில் கொண்டத்துக் காளியம்மன் குண்டம் திருவிழாவில் தவிலையும் நாதஸ்வரத்தையும் மைக் இல்லாத தூரத்தில் நின்று கேட்டவர் அவர். ஜமாப் அடி நெஞ்சில் இறங்குவது எப்படி என்று அவருக்குத் தெரியும். பட்டணத்தில் அடுக்ககத்தில் பிறந்து ஹெட்போனில் மட்டும் பாட்டுக் கேட்டவருக்கு இல்லாத மூலதனம் இது. ஆனாலும் கடையில் அவர் ஒப்பிடுவது கடைப்பையன் போட்ட பாட்டை. அந்தப் பாட்டின் பேஸ் கணினியில் உருவானது. நேரில் அது எப்படி இருக்கும் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

எதைப் போட்டுக் கேட்பது? முதலில் மனிதக் குரல், அதிலும் வாத்தியம் குறைந்த இடம். எம்.எஸ். சுப்புலட்சுமியோ எஸ்.பி. பாலசுப்ரமணியமோ, வாழ்நாள் முழுக்கக் கேட்ட குரலாக இருந்தால் சரி. குரல் மூக்கடைத்தோ, டின்னுக்குள்ளிருந்தோ வருவதுபோல் பட்டால் அந்த ஸ்பீக்கரின் நடு ஒலி சரியில்லை. எவ்வளவு பேஸ் வந்தாலும் அதைச் சரிக்கட்ட முடியாது. அடுத்து நாதஸ்வரம். மனிதக் காது கூர்மையாகக் கேட்பது 3,000, 4,000 ஹெர்ட்ஸ் அருகில். நாதஸ்வரத்தின் வீரியமும் அந்தப் பக்கம்தான் திரண்டிருக்கிறது. ட்வீட்டர் அங்கே சற்று எகிறினாலும் பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். கடையில் முதல் நிமிடத்தில் "என்ன தெளிவு!" என்று வியக்கவைப்பதும் அதே எகிறல்தான்.

மிருதங்கத்தை விட்டுவிடக் கூடாது. பொதுவாகத் தோல் வாத்தியங்களின் மேலொலிகள் ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்களில் சிதறும். மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கரணை அவற்றை இழுத்து, தந்தி வாத்தியத்தில் இருப்பதுபோல் ஒழுங்கான மடங்குகளில் நிறுத்துகிறது. இதை சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920 இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஸ்பீக்கர் ஏதாவதொரு மேலொலியைக் கூட்டியோ குறைத்தோ காட்டினால், சுருதி சேர்ந்த மிருதங்கமும் வெறும் டப்பாவாகும். ஆய்வுக்கருவி கேட்காமல் கையோடு கிடைக்கிற சோதனை இது.

பேஸுக்கு இளையராஜாவைப் போடலாம். எழுபது, எண்பதுகளின் பாட்டுகளிலும், 1986 இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்திலும் பேஸ் கிடார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு ஓடும். அந்தக் கிடாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். ஐந்தங்குல வூஃபர் கொண்ட புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் பெரும்பாலும் அந்த ஆழத்துக்கு இறங்காது. மேலொலிகளைக் கேட்டு அடி ஒலியை மூளையே நிரப்பிக்கொள்ளும். எனவே "பேஸ் எவ்வளவு?" என்று கேட்பதைவிட, கிடார் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்கிறதா, ஏதாவது ஒன்று மட்டும் 'பூம்' என்று வீங்குகிறதா என்று கேட்பது பயன் தரும்.

இன்னொன்று, கடைக்காரர்களே நம்பத் தயங்குவார்கள்: இரண்டு ஸ்பீக்கரையும் சேர்த்துப் பாடவிடாமல் ஒன்றை மட்டும் மோனோவில் கேட்டால் குறைகள் இன்னும் தெளிவாகத் தெரியும். ஸ்டீரியோவின் பரவல் பல குற்றங்களை மூடிவிடுகிறது என்பது டூலின் சோதனைகளில் மீண்டும் மீண்டும் வந்த முடிவு.

"அவங்கவங்க ரசனைங்க" என்று இந்தப் பேச்சை முடித்துவைக்கப் பார்ப்பவர்கள் உண்டு. பாட்டில் ரசனை ஆயிரம் இருக்கட்டும். ஸ்பீக்கரில் அது நினைக்கும் அளவு இல்லை. ஆலிவ் 2003 இல் வெளியிட்ட ஆய்வில் 268 பேர் கேட்டார்கள். பயிற்சி பெற்றவர்களும் இருந்தார்கள், கடை ஊழியர்கள், மாணவர்கள் என்று மற்றவர்களும் இருந்தார்கள். மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடுவதிலும் கஞ்சத்தனமாகப் போடுவதிலும் அவர்கள் வேறுபட்டார்களே ஒழிய, எது முதல், எது கடைசி என்ற வரிசையில் பெரிதும் ஒத்துப்போனார்கள். அடுத்த ஆண்டு 70 ஸ்பீக்கர்களின் அளவீடுகளை மட்டும் வைத்து, திரைக்குப் பின்னால் கேட்பவர்கள் எதை விரும்புவார்கள் என்று பெருமளவு சரியாகக் கணித்தும் காட்டினார். எந்தத் தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் துருத்தாமல் சீராகப் பாடும் பெட்டியே வென்றது. கண்ணையும் சத்தத்தையும் விலக்கிவிட்டால் கொங்குக்காரரும் கலிஃபோர்னியாக்காரரும் பெரும்பாலும் ஒரே பெட்டியைத்தான் எடுப்பார்கள் என்று துணிந்து சொல்லலாம்.

ஒரு விலக்கு உண்டு, இந்த வட்டாரம் அதைப் பேசியே ஆக வேண்டும். காது பழுதுபட்டவர்களின் தீர்ப்பு ஒருமுறைபோல் இன்னொருமுறை இருப்பதில்லை என்பதையும் டூல் பதிவு செய்திருக்கிறார். சோமனூர், பல்லடம், அவிநாசி வட்டாரத் தறிக்கூடங்களின் இரைச்சலில் பத்து, இருபது ஆண்டுகள் நின்றவர்களுக்கு, பேச்சு நன்றாகக் கேட்கும்போதே 4,000 ஹெர்ட்ஸ் அருகில் செவித்திறன் முதலில் தேய்ந்திருக்கக்கூடும். இரைச்சலால் வரும் செவிப்பழுதின் அடையாளமே அந்தப் பள்ளம்தான். அப்படிப்பட்டவருக்குச் சீரான ஸ்பீக்கர் மந்தமாகவும், ட்வீட்டர் எகிறிய ஸ்பீக்கர் உயிரோடு இருப்பதாகவும் தோன்றலாம். வீட்டில் இருக்கும் மற்றவர்கள் ஓடிப்போவார்கள். மகளையோ மருமகனையோ உடன் அழைத்துப் போவது நல்லது. அதற்கு முன்னால் காது டாக்டரிடம் ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

இனி அறை. கடையின் கேட்பறையில் தரையில் கார்பெட், சுவரில் திரை, மெத்தை போட்ட சோபா. வீட்டில் வழவழப்பான டைல்ஸ், சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் கூரை, கைதட்டினால் எதிரொலி. இதனால் உயர்ந்த ஒலிகள் கூர்மையாகிவிடும். தாழ்ந்த ஒலிகளின் கதை இன்னும் மோசம். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அலை போய்வரும்போது, அறையின் நீளத்துக்கு ஏற்ற ஓர் ஒலி மட்டும் எழும்பி நிற்கும். 10 அடி இடைவெளிக்கு அது ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ். 12 அடிக்கு 48. நம் ஊரில் கொத்தனார்கள் மனப்பாடமாகக் கட்டும் 10க்கு 10 அறையில், கூரை உயரமும் 10 அடி என்றால், மூன்று திசையும் ஒரே 57 ஹெர்ட்ஸைக் கூட்டிக்கொடுக்கும். அதில் டிவி ஷோகேஸின் மூலையில், சுவரோடு ஒட்டி ஸ்பீக்கரை வைத்தால் ஒவ்வொரு சுவரும் தன் பங்குக்குப் பேஸைத் தூக்கிவிடும். கடையில் அறை நடுவே ஸ்டாண்டின் மேல் நின்று நிதானமாகப் பாடிய பெட்டி, இங்கே ஊதிப் பெருத்துப் பேசும். இதனால்தான் ஒப்பிடும் ஸ்பீக்கர்கள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கடைகளில் விலை கூடியது நல்ல இடத்திலும், மலிவானது கீழ்த்தட்டிலும் இருப்பது பெரும்பாலும் அலமாரி வசதிக்காகத்தான். விளைவு என்னவோ ஒன்றுதான்.

சின்னப் பெட்டியிடம் அளவுக்கு மீறிக் கேட்பதும் கூடாது. சின்ன உருவம், ஆழ்ந்த பேஸ், குறைந்த வாட்டில் நிறைந்த சத்தம்: இந்த மூன்றில் இரண்டைத்தான் இயற்பியல் தரும். துறையில் இதற்கு ஹாஃப்மனின் இரும்பு விதி என்று பெயர். பி.பி.சி. பொறியாளர்கள் 1970 களில் வெளிப்புற ஒளிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ, 30 சென்டிமீட்டர் உயரமே உள்ள பெட்டி. இன்றுவரை அதைக் கொண்டாடுபவர்கள் இருக்கிறார்கள். ஆழ்ந்த பேஸ் அதில் கிடையாது. 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே ஒலியை மெல்ல உயர்த்தி, பேஸ் இருப்பதுபோன்ற ஓர் உணர்வைக் காதுக்குக் கொடுத்தார்கள். குரலைத் துல்லியமாகக் கேட்பதே அந்த வேனில் வேலை. அதற்கு அது போதும். வாங்குபவரும் தன் வேலை எது என்று தீர்மானித்துக்கொண்டு போனால், பேஸ் காட்டி மயக்குவது பலிக்காது.

வீட்டிலேயே வைத்துக் கேட்டுப் பார்ப்பது என்ற வகையில் நம் ரேடியோ மெக்கானிக்குகளின் அசெம்பிள்டு செட் மரபுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். 2என்3055 டிரான்சிஸ்டர் காலத்திலிருந்து எஸ்.டி.கே. ஐசி, 4440 ஐசி வழியாக 5200-1943 ஜோடி வரை, போர்டு வாங்கி, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி, பிளைவுட் பாக்ஸ் அடித்துத் தமிழ்நாட்டின் பாதி வீடுகளுக்குப் பாட்டுக் கொடுத்தவர்கள் அவர்கள். வூஃபரின் குணத்துக்கேற்பப் பெட்டியின் கொள்ளளவைக் கணக்கிடும் வழக்கம் அவர்களில் பலருக்குக் கிடையாது. கையில் இருக்கும் பலகைக்கு ஏற்ற பெட்டிதான். பேஸ் மோகத்தை வளர்த்ததிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் செட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அங்கேயே மாட்டி, வீட்டுக்காரர் போடும் பாட்டைக் கேட்டு, பெட்டியை இரண்டடி நகர்த்திப் பார்த்து, அதற்குப் பிறகுதான் மீதிப் பணத்தை வாங்கினார்கள். கண்ணாடி ஷோரூம்கள் வந்தபோது தொலைந்துபோனது இந்தக் கடைசிக் கட்டம்.

அதைத் திரும்பக் கொண்டுவருவதற்குக் கடைகள் பெரிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. ஒரே உயரத்தில் ஸ்டாண்ட்; சென்சிட்டிவிட்டி வித்தியாசத்தைச் சமன்செய்யும் ஸ்விட்ச் பெட்டி; லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் எல்லாம் அணைத்த ஆம்ப்ளிஃபயர்; முன்னால் ஒரு திரை. ஒலி தடையின்றிப் போகும் துணி எது என்று ஜெர்சிக்கு மெஷ் ஓட்டும் திருப்பூருக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்; வாய் வைத்து ஊதினால் காற்று தாராளமாக மறுபக்கம் வர வேண்டும், அவ்வளவுதான். பழகிய வாடிக்கையாளருக்கு டெமோ பெட்டியை ஒரு ராத்திரி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே கேட்டுவிட்டு ஆன்லைனில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்களே என்பது கடைக்காரர்களின் பயம். நியாயமான பயம்தான், வாடகையும் கரண்ட் பில்லும் அவர் கட்டுகிறார். இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. எட்கர் வில்ச்சர் 1954 இல் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம்தான், காற்றடைத்து மூடிய சின்னப் பெட்டியிலும் ஆழ்ந்த பேஸ் வரும் என்று காட்டி, அலமாரியில் வைக்கும் ஸ்பீக்கரை வீடுகளுக்குள் கொண்டுபோனது. அந்த நிறுவனம் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஓர் இசையறை வைத்திருந்தது. ரயிலுக்குக் காத்திருப்பவர் யாரும் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கலாம், சந்தேகம் கேட்கலாம். அங்கே விற்பனை கிடையாது, கேட்டாலும் தரமாட்டார்கள். 1960 களின் நடுவில் அமெரிக்க ஸ்பீக்கர் சந்தையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த நிறுவனத்தின் கையில் இருந்தது.

அது தயாரிப்பாளர் போட்ட செலவு. தனிக்கடைக்காரருக்குத் தாங்காது என்றால், கேட்புக் கட்டணம் வைக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாய், வாங்கினால் பில்லில் கழித்துக்கொள்ளலாம். காசு கொடுத்து உட்கார்ந்தவர் மூன்று நிமிடத்தில் எழுந்திருக்கமாட்டார். தன் பாட்டை எடுத்துக்கொண்டு வருவார், இரண்டு பெட்டியையும் மாற்றி மாற்றிக் கேட்பார், வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லவும் கூச்சப்படமாட்டார். நேரம் மட்டும் பார்த்துக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய ஊர் முழுக்க ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் நிற்கும்; பக்கத்துக் கவுண்டரில் ஒருவர் டிவி பார்த்துக்கொண்டும் இன்னொருவர் மிக்ஸியை ஓட்டிப் பார்த்துக்கொண்டும் இருப்பார்கள். செவ்வாய், புதன் காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னால் கடையில் அறையும் காலி, வாடிக்கையாளரின் காதும் காலி.